அம்மாவின் சமையற் கொப்பியும் எனது இணையத்தளமும்

என்னுடைய அம்மாவிடம் ஒரு சமையற் கொப்பி இருந்தது. நீல மட்டை போட்ட சாதாரண எண்பது பக்கக் கொப்பி. எண்ணெய்க் கறையும் மஞ்சட் கறையும் பட்டு, ஒற்றைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருக்கும். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சியை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது அதையும் அரிசிப் பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டுதான் போனோம். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓடியதில் அது எந்த இடத்தில் தவறியது என்று எனக்குத் தெரியாது. 2009 ஏப்ரலில் அம்மாவும் போய்விட்டார். கணவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

செட்டிகுளம் முகாமில் இரவில் நித்திரை வராதபோது அந்தக் கொப்பியை மனதுக்குள் புரட்டுவேன். ஒடியற் கூழுக்கு எத்தனை செத்தல் மிளகாய், பழப்புளி எவ்வளவு, பலாக்கொட்டையை எப்போது போடுவது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். சில பக்கங்கள் முழுதாக வரும். சில பாதியில் நின்றுவிடும். எனது இணையத்தளம் அங்கேதான் தொடங்கியது என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும்.

2010இல் ஊருக்குத் திரும்பினோம். இரண்டு பிள்ளைகள், தகரக் கொட்டில், ஐந்து கோழிகள். ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது. பாமினி எழுத்துருவில் வேகமாக அடிக்கப் பழகினேன். கணினி வகுப்பு நடத்திய தம்பி ஒருவர் உதவ, 2012இல் அம்மாவின் சமையலுக்கென்று ஒரு தளத்தைத் திறந்தேன். பெயரை இங்கே சொல்லவில்லை, இது விளம்பரம் அல்ல.

முதல் ஆறு மாதங்களும் வீண். நான் பாமினியில் அடித்ததை அப்படியே தளத்தில் ஏற்றியிருந்தேன். அந்த எழுத்துரு உள்ள எனது அலுவலகக் கணினியில் எல்லாம் அழகாகத் தெரிந்தது. மற்றவர்களின் கணினியில் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்திருக்கிறது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்ட மாதிரி. சட்டையைக் கழற்றினால் உள்ளே தமிழ் இல்லை. ஆகவே யாராவது கூகுளில் ‘ஒடியற் கூழ்’ என்று தேடினாலும் என் பக்கம் அகப்படாது. ஒருங்குறி எனப்படும் யூனிக்கோட்டில் இருந்தால்தான் எல்லாக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரியும், தேடவும் முடியும். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு முப்பத்தொரு பக்கங்களையும் மாற்றினேன். மாறும்போது சில எழுத்துகள் பிழைத்தன. ஒவ்வொரு வரியாக இருந்து திருத்தினேன்.

அதற்குப் பிறகும் ஒரு நாளைக்கு ஏழு பேர் வந்தால் அதில் ஐந்து முறை நானேதான். “ஆர் பாக்கினம் எண்டு இரவிரவா இருக்கிறாய்? அந்த நேரத்துக்கு நாலு பாய் இழைச்சிருக்கலாமே” என்று சித்தி ஏசுவார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. தளத்தின் பெயருக்கும் இடத்துக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். ஒரு வருடம் இரண்டு கோழிகளை விற்றுத்தான் கட்டினேன்.

அந்த நாட்களில் எனக்குத் தைரியம் தந்தது நூலகம் திட்டம்தான். 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் இலவசமாக வாசிக்கத் தருகிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஒவ்வொரு பக்கமாக எடுத்து வைப்பவர்கள், இன்று எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் அந்த வேலை நடந்திருக்குமா? ஒரு கொப்பி அளவான வேலையைச் செய்ய எனக்கு என்ன தடை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் கனடாவிலிருந்து ஒரு பிள்ளையின் மின்னஞ்சல் வந்தது. அம்மம்மாவுக்காக என் பக்கத்தைப் பார்த்து ஒடியற் கூழ் காய்ச்சினாளாம். வாயில் வைக்க முடியாத கசப்பாம். அம்மம்மா ஒரு வாய் குடித்துவிட்டு அழுதாராம், கசப்பினாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ‘ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றவும்’ என்று மட்டும் இருந்தது. மாவை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளியும் கசப்புத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்பதை நான் எழுதவே இல்லை. ஏன் எழுதவில்லை? எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்திருக்கிறேன். எங்கள் தலைமுறையில் எல்லோருக்கும் தெரியும். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ‘ஒரு சுண்டு’ என்று எழுதியதும் அப்படித்தான். சுண்டு என்றால் என்ன என்று அவள் கேட்டபோது அயலில் மூன்று வீட்டுச் சுண்டுகளை வாங்கித் தராசில் நிறுத்துப் பார்த்தேன். மூன்றும் மூன்று அளவு. அன்றிலிருந்து கிராமும் சேர்த்து எழுதுகிறேன்.

2018இல் கூகுளின் விளம்பரத் திட்டம் தமிழ்த் தளங்களுக்கும் திறந்தது. கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். மூத்தவளுக்கு உயர்தரப் பரீட்சை, பிரத்தியேக வகுப்புக்குக் காசு. கூழையும் பிட்டையும் பார்க்க வருபவர்களை வைத்து 100 டொலர் சேர்க்க எத்தனை மாதம் செல்லும் என்று கணக்குப் பார்த்தேன். பயமாக இருந்தது. மற்றத் தளங்களைப் பார்த்தால் அங்கே கூட்டம் கைமருந்துப் பக்கங்களில்தான். நானும் இறங்கினேன். அங்கே இங்கே இருந்து எடுத்து, இரண்டு சொல்லை மாற்றி, என் பெயரில் போட்டேன். மூட்டுவலிக்கு ஒன்று, தலைமுடிக்கு ஒன்று, ‘முப்பது நாளில் சலரோகத்தை விரட்டும் முருங்கையிலை’ என்று ஒன்று. ஒரு வருடத்தில் அறுபத்து மூன்று பக்கங்கள். கூட்டம் வந்தது. 100 டொலர் மூன்று முறை வந்தது. நான் கெட்டிக்காரி என்றே நினைத்தேன்.

2019இல் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒருவரை வைத்தியசாலையில் சேர்த்தார்கள். காலில் சிறு புண். சலரோகம் கூடி நாட்பட்டால் கால் நரம்புகள் விறைத்துவிடும், முள் குத்தினாலும் நோகாது, புண் உள்ளே பெருப்பதும் தெரியாது. பெருவிரலை எடுக்க வேண்டி வந்தது. பார்க்கப் போனேன். கிளினிக்கில் கொடுத்த மெற்போமின் குளிசையை ஏன் மாமி நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அவர் கோபிக்கவே இல்லை. சாதாரணமாகச் சொன்னார்:

“உன்ர பக்கத்திலதானே பிள்ளை பாத்தனான். பேத்தி போனில வாசிச்சுக் காட்டினவள். நீ எழுதினா பிழையா இருக்காது எண்டு நம்பினனான்.”

நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து அன்றிரவே அந்த அறுபத்து மூன்று பக்கங்களையும் அழித்தேன். முருங்கையிலைப் பக்கத்தை மட்டும் வேறுவிதமாகச் செய்தேன். பழைய எழுத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில், ‘இங்கே நான் எழுதியிருந்தது பிழை. முருங்கையிலை நல்ல உணவு, ஆனால் வைத்தியர் தந்த குளிசைக்கு ஈடல்ல. அவரைக் கேளாமல் எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம்’ என்று போட்டேன். அழித்துவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால், முன்பு வாசித்தவர்கள் அந்தப் பிழையோடேயே இருந்திருப்பார்கள் அல்லவா? அது இன்றும் அங்கே இருக்கிறது.

வாசகர் தொகை ஒரேயடியாக விழுந்தது. அடுத்த 100 டொலர் சேர ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. உண்மையைச் சொன்னால், தளத்தில் நம்பிக்கை வைப்பது ஆரம்பத்தில் ஏழு பேர் வந்த காலத்தில் இலகுவாக இருந்தது. நிறையப் பேர் வந்து பிறகு போய்விட்ட காலத்தில்தான் கஷ்டமாக இருந்தது. தளத்தை மூடிவிடுவோம் என்று இரண்டு முறை நினைத்தேன். ஒரு முறை மூடாமலே அது மூடிக்கொண்டது. கட்டணத் தவணையைத் தவறவிட்டேன், தளம் இருந்த இடத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். இரண்டாவது கொப்பியும் போயிற்று என்று இருந்து அழுதேன். மகள்தான் அமெரிக்காவில் இயங்கும் இணைய ஆவணகம் என்ற பொது நிறுவனத்தைப் பற்றிச் சொன்னாள். 1996இலிருந்து உலகத்துத் தளங்களைப் படியெடுத்து வைக்கிறார்கள். அங்கே என் பக்கங்களில் பெரும்பாலானவை இருந்தன. இப்போது மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவில் எடுத்து ஒன்றை வீட்டிலும் மற்றதைச் சித்தி வீட்டிலும் வைக்கிறேன். சித்தி அதைச் சேலைப் பெட்டிக்குள் நகையோடு வைத்திருக்கிறார்!

இப்போது எப்படி எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். எந்தப் பலகாரத்தையும் நான் இரண்டு முறை அளந்து செய்த பிறகுதான் எழுதுவேன். எழுதியதை அயலில் ஒரு பிள்ளையிடம் கொடுத்து, என்னிடம் ஒன்றும் கேளாமல் அதைப் பார்த்து மட்டும் சமைக்கச் சொல்வேன். அவள் எங்கே நின்று யோசிக்கிறாளோ அங்கே என் எழுத்தில் ஒரு வசனம் குறைகிறது என்று அர்த்தம். உடம்பைப் பற்றிய விஷயம் என்றால் எங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுவேன். அவருக்குத் தெரியாவிட்டால் வைத்தியரிடம் கேட்டு வருவார். மாதத்துக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் வராது. வரவும் தேவையில்லை. இன்னொரு விஷயம், பிறர் எழுதியதை அள்ளிப் போடும் தளங்களை 2011ஆம் ஆண்டிலிருந்தே கூகுள் தேடலில் பின்னுக்குத் தள்ளி வருகிறது. ஆகவே களவு எடுப்பது பாவம் என்பது ஒருபுறம் இருக்க, நீண்ட காலத்துக்கு லாபமும் இல்லை.

2022இல் எரிவாயு இல்லாமல், மாவு விலை ஏறி, மின்சாரமும் வெட்டி எல்லோரும் தவித்தோமே, அந்த நேரம் மரவள்ளிக் கிழங்கைப் பற்றிய என் பக்கத்தைத் தேடி வந்தார்கள். கொழும்பிலிருந்தும் வந்தார்கள், விறகடுப்பே மூட்டிப் பழகாத பிள்ளைகள். அந்தப் பக்கத்தை நான் மூன்று கிழமை இருந்து எழுதியிருந்தேன். மரவள்ளியில் சயனைட்டை வெளிவிடும் ஒரு பொருள் இருக்கிறது, கசப்பு இனத்தில் அது கூட. தோலை முழுதாக உரித்து, துண்டாக வெட்டித் தண்ணீரில் போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். மூடாமல் அவிப்பது ஏன் என்றால் அந்த நஞ்சு கிட்டத்தட்ட 26 பாகை வெப்பத்திலேயே ஆவியாகிவிடும், போக வழி விட வேண்டும். கசக்கும் கிழங்கைத் தின்னக் கூடாது, பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மரவள்ளி தின்ற அன்று இஞ்சி தொடக்கூடாது என்று நம் அம்மாமார் சொல்வார்கள், அதையும் எழுதினேன், ஆனால் இஞ்சியைத் தவிர்த்தால் மட்டும் போதும் என்று எண்ணி அவிக்கும் முறையில் கவனம் விடாதீர்கள் என்றும் எழுதினேன். அந்தப் பக்கத்துக்கு ஒரு வார்த்தைகூடக் கடன் வாங்கவில்லை.

வருமானம் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். விளம்பரத்தால் வருவது போன் கட்டணத்துக்குக் காணும். ஆனால் கறித்தூளுக்குக் கேட்டு எழுதுகிறார்கள். மல்லி, மிளகாய், பெருஞ்சீரகம், நற்சீரகம் எல்லாவற்றின் அளவையும் தளத்தில் வெளிப்படையாகப் போட்டிருக்கிறேன். “இரகசியத்தைச் சொன்னா ஆர் வாங்குவினம்?” என்று பலர் கேட்டார்கள். அளவை வாசித்தவர்கள்தான் வாங்குகிறார்கள். வறுத்து இடிக்க அவர்களுக்கு நேரமில்லை. என்ன போட்டிருக்கிறது என்று தெரிந்தபடியால் பயமும் இல்லை. இப்போது என்னோடு இன்னும் மூன்று பெண்கள் வறுக்கிறார்கள், மூவரும் என்னைப் போலத் தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்கள்.

மாமி இப்போது கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார். பேத்தியிடம் சொல்லி என் புதுப் பக்கங்களை வாசிக்க வைத்துக் கேட்பார். போன மாதம் மீன் சரக்குக் கறிப் பக்கத்தில் மிளகைப் போட மறந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

பனங்காய்ப் பணியாரத்துக்கு மட்டும் தளத்தில் தலைப்பு இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. அம்மா பனங்களியைச் சீனி போட்டுக் காய்ச்சுவார், மாவை அவித்துச் சேர்ப்பார், அது தெரியும். அளவு வரவில்லை. போன வருடம் நான்கு தடவை செய்தேன். இரண்டு முறை கசந்தது, ஒரு முறை எண்ணெய் குடித்தது, நாலாவதைப் பிள்ளைகள் நல்லது என்றார்கள், ஆனால் அம்மாவுடையது அப்படி இல்லை. பார்ப்பவர்கள் ‘எப்போது எழுதுவீர்கள்’ என்று கேட்கிறார்கள். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். வேலியோரத்துப் பனை இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது.