தாயின் பெயர் காட்டும் வழி

முன்னோரைத் தேடப் புகுவோர் குடும்பப் பெயரையே முதலிற் பற்றுவர். கனடாவிற் குடியேறிய பிரெஞ்சு மக்களிடையே அப்பெயர் மட்டும் போதாது. அதன் காரணத்தைக் கூறுகிறேன்.

கியூபெக் நகரைச் சாம்ப்லேன் 1608-இல் நிறுவினார். 1665-இல் காரிஞான்-சாலியேர் படையினர் ஏறத்தாழ 1,200 பேர் அந்நாட்டுக்கு வந்தனர். அவருள் நானூற்றுவர் அளவினர் அங்கேயே குடியமர்ந்தனர். பிரெஞ்சுப் படைவீரர்க்குப் புனைபெயர் வழங்குவதுண்டு. 'லாஃப்ளூர்' என்றால் மலர். 'சான்சூசி' என்றால் கவலையற்றவன். குடும்பப் பெயரையும் புனைபெயரையும் 'தி' என்னும் சொல்லால் இணைத்து எழுதினர். 'என்கிற' என்பது அதன் பொருள். பியேர் உதோன் என்கிற போலியே என்பவரின் வழியினருள் சிலர் உதோன் ஆயினர். சிலர் போலியே ஆயினர். குருதியால் ஒருவர், பெயரால் அயலார்!

இச்சிக்கலை அவிழ்ப்பது தாயின் பெயர். மாதாகோயிற் பதிவேடுகளில், மணமான பின்னும் பெண் தன் பிறந்தகத்துப் பெயராலேயே குறிக்கப்பட்டாள். மணப்பதிவில் பெரும்பாலும் இருவர்தம் பெற்றோர் பெயர்களும் இடம்பெற்றன. 1663 முதல் 1673 வரை அரசன் ஆதரவில் ஏறத்தாழ 800 மங்கையர் அங்கு வந்து மணம்புரிந்தனர். அவருட் பலர் தந்தையை இழந்தவர்; பலருக்குக் கையெழுத்திடவும் தெரியாது. ஆயினும் அவர்தம் பெயர்கள் அழியவில்லை.

பள்ளிச் சேர்க்கை ஏடுகளை நெடுங்காலம் பேணியவன் நான். ஆதலால், தாயின் பெயரையும் சேர்த்தெழுதிய அக்குருமாரின் ஒரு வரி எத்துணைப் பெரிய கொடை என்பதை நன்கு உணர்கிறேன். அவ்வரி இல்லையேல், உதோனும் போலியேயும் உறவினர் என்பதை இன்று எவர் அறிவர்?