பழைய கேமுக்குப் புதிய கணினியில் ஏன் சத்தம் வருவதில்லை?

1990களில் வந்த டாஸ் கேம் ஒன்றை முதன்முதலாக நிறுவும்போது, ஆட்டத்துக்கு முன்னால் ஒரு விசாரணை நடக்கும். உங்கள் சவுண்ட் கார்ட் ஆட்லிப்பா, சவுண்ட் பிளாஸ்டரா, ரோலண்டா? போர்ட் 220ஆ, 240ஆ? ஐஆர்க்யூ 5ஆ, 7ஆ? டிஎம்ஏ 1ஆ, 3ஆ? ஒன்றைப் பிழையாகச் சொன்னாலும் ஆட்டம் ஊமையாக ஓடும். இல்லாவிட்டால் முதல் வெடிச் சத்தத்தோடு கணினி ஹேங் ஆகி நிற்கும். கைப்பேசியில் விளையாடும் இன்றைய பிள்ளைகளை எந்த கேமும் இப்படிக் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

காரணம் டாஸ் என்ற இயக்கமுறைமை. கோப்பைத் திறக்கும், மூடும், டிஸ்க்கில் எழுதும். அதோடு அதன் வேலை சரி. ஒரு 'பீப்' தவிர ஒலிக்கென்று அது எந்த வழியும் செய்து தரவில்லை. ஆகவே கேம் எழுதுபவரே கார்டின் சிப்போடு நேரடியாகப் பேச வேண்டும். சந்தையில் பத்து வகைக் கார்ட் இருந்தால் பத்து வகையாக நிரல் எழுத வேண்டும். பழைய கேம்களுக்கும் சவுண்ட் கார்டுகளுக்கும் இடையிலான பிணக்கு எல்லாம் இங்கிருந்து கிளம்பியதுதான்.

1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதற்குள் இருந்தது ஒரு சின்ன ஸ்பீக்கர் மட்டும். விநாடிக்கு 1,193,182 தடவை துடிக்கும் கடிகாரச் சமிக்ஞையை ஒரு டைமர் சிப் வகுத்து அந்த ஸ்பீக்கருக்கு அனுப்பும். 2,712ஆல் வகுத்தால் ஏறத்தாழ 440 ஹேர்ட்ஸ். மேற்கத்திய வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்கும் ஸ்வரம் அது. எண்ணை மாற்றினால் ஸ்வரம் மாறும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழியில்லை. சண்டையும் சங்கீதமும் சேர்ந்து வர வேண்டிய இடத்தில் வெறும் கீச்சுச் சத்தம்தான் கேட்டது.

1987இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து ஆட்லிப் கார்ட் வந்தது. அதை உருவாக்கிய மார்ட்டின் பிரெவெல் இசைப் பேராசிரியராக இருந்தவர். கார்டின் உயிர்நாடி யமஹாவின் ஒய்எம்3812 சிப். ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையின் அதிர்வெண்ணை உலுக்கி, மணி, புல்லாங்குழல், தந்தி வாத்தியம் போன்ற சாயல்களை அது உண்டாக்கும். ஒரே நேரத்தில் ஒன்பது குரல்கள். 1988இல் சியெர்ரா நிறுவனம் தன் 'கிங்ஸ் குவெஸ்ட் 4' விளையாட்டில் சவுண்ட் கார்டுகளுக்கென்று இசை சேர்த்தது; மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் இறங்கின.

கார்ட் கணினிக்குள் இருக்கிறதா என்று கேம் கண்டுபிடிக்கும் விதம் சுவையானது. ஆட்லிப் சிப்புக்குள் ஒரு சிறு டைமர் உண்டு. கேம் 388 என்ற போர்ட் வழியாக அதை ஓடவிட்டு, 80 மைக்ரோ விநாடி பொறுத்து, அதே போர்ட்டைப் படித்துப் பார்க்கும். டைமர் முடிந்ததற்கான அடையாளம் இருந்தால் கார்ட் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இன்னொரு சங்கடமும் இருந்தது. கணினியின் வேகத்துக்கு இந்த சிப் ஈடுகொடுக்காது. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் சற்றே காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தைக் கழிப்பதற்காக, தரவு ஒன்றை எழுதியபின் போர்ட்டைச் சும்மா 35 தடவை படிக்கும்படி ஆட்லிப்பின் வழிகாட்டி சொன்னது. சிலர் அப்படிச் செய்யாமல், கணினியை வெறுமனே எண்ண வைத்து நேரத்தைப் போக்கினார்கள். வேகமான கணினி வந்ததும் அந்த எண்ணிக்கை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது, சிப்புக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை, ஸ்வரங்கள் தவறின.

இனிக் கதை சிங்கப்பூருக்கு வருகிறது. சிம் வோங் ஹூ 1981இல் நண்பர் இங் கை வாவுடன் சேர்ந்து கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய முதல் இசைக் கார்ட் 1987இல் வந்தது. மறுவருடம் 'கேம் பிளாஸ்டர்' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்குப் போனது. பன்னிரண்டு குரல்கள் இருந்தும் எடுபடவில்லை. ஆட்லிப்புக்காக எழுதிய இசையை அதில் வாசிக்க முடியாதே! 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டரில் அந்தக் குறையைத் தீர்த்தார்கள். ஆட்லிப்பில் இருந்த அதே யமஹா சிப்பையும் வைத்தார்கள். பதிவு செய்த ஒலியை வாசிக்க ஒரு பகுதியையும், ஜாய்ஸ்டிக் செருகத் துவாரத்தையும் சேர்த்தார்கள். ஆட்லிப்புக்கு எழுதிய கேம் அத்தனையும் மறுநாளே இதில் பாடின. மனிதக் குரலும் வெடிச் சத்தமும் மேலதிக லாபம். 1992இல் கிரியேட்டிவ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது; அதே வருடம் ஆட்லிப் திவாலானது.

கேம் கேட்கும் அந்த மூன்று எண்களும் சவுண்ட் பிளாஸ்டரின் விலாசம்தான். 220 என்பது போர்ட், கேம் கார்டோடு பேசும் வாசல். கேம் 226இல் 1 எழுதி, ஒரு நொடிப்பொழுது விட்டு, 0 எழுதும். கார்ட் உயிரோடு இருந்தால் 22ஏ என்ற இடத்தில் 'ஏஏ' என்று பதில் வைக்கும். டிஎம்ஏ என்பது நினைவகத்திலிருந்து ஒலித் தரவு நேரே கார்டுக்குப் போகும் பாதை. அனுப்பிய துண்டு வாசித்து முடிந்ததும் 'அடுத்ததைக் கொடு' என்று கார்ட் கூப்பிடும் கம்பிதான் ஐஆர்க்யூ. ஆரம்பகாலக் கார்டுகள் ஐஆர்க்யூ 7இல் வந்தன. பிரிண்டருக்கும் அதே கம்பிதான். இலங்கையின் கற்பிட்டி மீன்பிடித் துறையில் இரண்டு படகுகளுக்கு ஒரே இலக்கம் எழுதினால் ஏலத்தில் எப்படிச் சண்டை வருமோ அப்படித்தான். கார்டில் உள்ள ஜம்பரைக் கழற்றி 5க்கு மாற்றினால் சிக்கல் தீரும். பிறகு 'செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1' என்று தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் பல கேம்கள் தாமாகவே புரிந்துகொள்ளும்.

சவுண்ட் பிளாஸ்டர் இப்படி யாரும் சட்டம் போடாமலே சட்டமாகிவிட்டது. மற்ற நிறுவனங்கள் தங்கள் கார்டை அதுபோல் நடிக்க வைக்க வேண்டியதாயிற்று. 1992இல் கனடாவிலிருந்து வந்த கிராவிஸ் அல்ட்ராசவுண்ட், உண்மையான வாத்தியங்களின் பதிவுகளைக் கொண்டு 32 குரல்களில் பாடியது. ஒலித் தரத்தில் சவுண்ட் பிளாஸ்டர் அதற்குக் கிட்டவும் வராது. ஆனால் அதில் யமஹா சிப் இல்லை; மென்பொருளால் நடிக்கப் பார்த்துத் தடுமாறியது. கிரியேட்டிவின் சொந்தக் குடும்பத்துக்குள்ளும் விரிசல் உண்டு: சவுண்ட் பிளாஸ்டர் புரோவுக்காக ஸ்டீரியோவில் செய்த ஒலி, அதற்குப் பிந்திய சவுண்ட் பிளாஸ்டர் 16இல் மோனோவாகத்தான் கேட்கும்.

1995இல் விண்டோஸ் 95உம் டைரக்ட்எக்ஸும் வந்து இந்த அமளியை அடக்கின. கேம் விண்டோஸிடம் சொல்லும். கார்டோடு பேசுவது விண்டோஸின் பாடு. புதிய கேம்களுக்கு அது விடுதலை, பழையவற்றுக்கு வாய்ப்பூட்டு. விண்டோஸ் எக்ஸ்பி போன்றவை எந்த நிரலையும் போர்ட்டை நேரே தொட விடுவதில்லை. பழைய கார்ட் செருகும் ஐஎஸ்ஏ துவாரமும் 2000ஐ ஒட்டி மதர்போர்டுகளிலிருந்து மறைந்தது. 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரல் தொடங்கவே மாட்டாது.

இன்று விளையாட ஆசைப்படுபவருக்கு எளிய வழி, 2002இல் வெளியான டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள். பழைய கணினியையும் சவுண்ட் பிளாஸ்டர் 16ஐயும் அது மென்பொருளாலேயே நடித்துக் காட்டுகிறது. சத்தம் வராவிட்டால் முதலில் கேமின் செட்டப்பைத் திறந்து போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுத்துப் பாருங்கள். டாஸ்பாக்ஸில் முன்கூட்டியே இருக்கும் எண்கள் அவைதான். பல கேம்கள் 5 என்று ஊகிப்பதால் ஊமையாகின்றன.

நிஜக் கார்டிலேயே கேட்க விரும்புபவர்களுக்குப் புத்தளம் கரையோரத்தில் ஒரு மேலதிக எதிரி உண்டு. உப்பளத்துக்கு உதவும் அதே கடற்காற்று செம்புக்கும் ஈயப் பற்றுக்கும் பகை. சிலாபம், உடப்பு, கற்பிட்டிப் பக்கங்களில் பரணில் பழைய கணினி கிடந்தால், உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். 386, 486 மதர்போர்டுகளில் உள்ள பீப்பாய் வடிவப் பற்றரி கசிந்து சுற்றுவட்டத்தை அரித்திருக்கலாம். முதலில் அதை வெட்டி எடுங்கள். மின்வழங்கியின் பின்னால் உள்ள சுவிட்ச் 115இல் நின்றால் நமது 230 வோல்ட்டில் அது வெடித்துவிடும். கார்டின் பொன்முலாம் பூசிய பற்களை ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடையுங்கள். பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியோடு காற்றுப் புகாத பையில் வையுங்கள்.

கிரியேட்டிவ் கார்டில் 'சிடி' (CT) என்று தொடங்கும் மாதிரி எண் அச்சிட்டிருக்கும். சிடி1600 என்றால் சவுண்ட் பிளாஸ்டர் புரோ 2. பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போடுமுன் அந்த எண்ணை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஐஎஸ்ஏ கார்டுகளை இனி யாரும் தொழிற்சாலையில் பெருவாரியாகச் செய்யப் போவதில்லை. நன்றாக வேலை செய்யும் கார்டைத் தேடுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.