கரைந்தோடும் மண்ணுக்கு யார் பொறுப்பு?

வீடு கட்டுவதும் சாலை அமைப்பதும் தேச அபிவிருத்திக்கு அடையாளங்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் பொருட்டுப் புல்லையும் மரத்தையும் அகற்றிக் கட்டாந்தரையாக்கிய நிலத்தில் பெருமழை பெய்தால், அங்கிருந்து கரைந்தோடும் மண்ணுக்கு யார் பொறுப்பாளி? இக்கேள்விக்குச் சட்டத்தின் மூலம் விடை காண முற்பட்ட அமெரிக்காவின் அனுபவத்தை நமது வாசகர்கள் அறிதல் நலம்.

அந்நாட்டின் மேரிலாந்து மாகாணத்தில், அனகாஸ்டியா நதிக்கரையில் பிளேடன்ஸ்பர்க் என்ற ஊர் உள்ளது. 18-ஆம் நூற்றாண்டில் கடற்கப்பல்கள் அங்கு வந்து புகையிலை ஏற்றிச் சென்றன. காடழித்துப் பயிரிட்டதால் மேட்டு மண் கரைந்து நதியைத் தூர்த்தது, துறைமுகம் மாண்டது. கலப்பையால் விளைந்த கேடு அது. கட்டட வேலையால் விளையும் கேடோ இன்னும் பெரிது. 1967-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை ஆசிரியர் உல்மன் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, விளைநிலத்தில் ஒரு சதுர மைலிலிருந்து வருஷத்துக்கு 300 முதல் 800 டன் வரை வண்டல் வெளியேறும். கட்டட வேலை நடக்கும் நிலத்திலிருந்து அது 1,00,000 டன்னுக்கு மேலும் செல்லக்கூடும்.

மேரிலாந்து 1970-இல் வண்டல் தடுப்புச் சட்டம் இயற்றியது. 1972-இல் பிறந்த தேசிய நீர்த் தூய்மைச் சட்டத்தின் கீழ், 1990-இல் வகுத்த விதிகள் 5 ஏக்கரும் அதற்கு மேலும் கிளறப்படும் இடங்களைக் கட்டுப்படுத்தின. 1999-இல் வகுத்த விதிகள் அவ்வெல்லையை 1 ஏக்கராகக் குறைத்தன. மண்ணைத் தோண்டுமுன் தடுப்புத் திட்டம் ஆயத்தமாக வேண்டும். கீழ்ச்சரிவில் துணிவேலியின் அடிவிளிம்பை மண்ணுக்குள் புதைத்து நாட்ட வேண்டும். கலங்கல் நீரைக் குட்டையில் தேக்கித் தெளியவிட வேண்டும். வேலை நின்ற நிலத்தை வைக்கோலாலோ புல்லாலோ மூட வேண்டும். லாரிச் சக்கரங்கள் சேற்றைச் சாலைக்கு இழுத்து வாராதபடி வாயிலில் கருங்கல் ஜல்லி பரப்ப வேண்டும்.

இவை யாவும் எளிய ஏற்பாடுகளே. ஆயினும் கிழிந்த துணிவேலியும் தூர்ந்த குட்டையும் எதைத் தடுக்கும்? ஆகவேதான் வாரம் ஒரு முறையோ, அல்லது இரு வாரத்துக்கு ஒரு முறையுடன் கால் அங்குல மழை பெய்த 24 மணி நேரத்துக்குள்ளோ பார்வையிட வேண்டுமென்று அந்நாட்டு மத்திய சர்க்காரின் அனுமதிப் பத்திரம் விதிக்கிறது. விதியின் உயிர் இந்தப் பார்வையிலேயே இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

நமது நாட்டில் 2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்களுக்கு முன்னனுமதி அவசியம். அந்த அளவுகோல் எழும்பப் போகும் கட்டடத்தை அளக்கிறதேயன்றி, கிளறப்படும் மண்ணை அளக்கவில்லை. மழைக்குக் கட்டடத்தின் அளவு தெரியாது. மூடாத மண்ணே தெரியும். ஏரிக்கரையை ஒட்டிய சிறு மனையும் வாய்க்காலைத் தூர்க்க வல்லது.

மண்ணைக் கிளறியவர் சில கோணி வைக்கோலில் மிச்சம் பிடிக்கிறார். பின்னர் தூர் வாரும் செலவு வரி செலுத்தும் ஜனங்கள் தலையில் விழுகிறது. இலாபம் ஒருவருக்கு, நஷ்டம் ஊருக்கு என்பது எந்த நியாயம்? கிளறப்படும் நிலத்தின் அளவே விதிக்கு எல்லையாக வேண்டும். மழை பெய்த மறுநாள் அதிகாரி அங்கே நிற்க வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள் நம் பெரியோர். மண் கரையுமுன் வேலி போடுவதும் அந்த அறிவுரையில் அடங்கியதே.