உஷார்! விதைநெல் மூடையை அவிழ்க்க முதல் இதை வாசியுங்கள்

ஐப்பசி மேகம் கறுக்கத் தொடங்கிவிட்டது. வட்டையில் உழவு மெசின் இறங்கிவிட்டது. எல்லாருக்கும் அவசரம். அந்த அவசரத்தில்தான் ஆபத்து இருக்கிறது, பிள்ளைகளே! "நெல்தானே, எறிந்தால் முளைக்கும்" என்று நம்பி இறங்காதீர்கள்.

எறிந்த நெல் முளைக்காமலே போகும்!

தம்பிலுவிலில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. புருஷன் இல்லை. மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். காதில் கிடந்ததை அடகு வைத்து ஆறு புசல் விதைநெல் வாங்கினார். மூடையில் சான்று அட்டை தொங்கியது. மூடை பழையது, தையல் புதியது. அதை அவர் கவனிக்கவில்லை.

பத்தாம் நாள் பக்கத்து வயலெல்லாம் பச்சை. இவருடைய வயலில் அங்கொன்று இங்கொன்று. திரும்பவும் உழவுக் கூலி, திரும்பவும் விதை. மூன்று கிழமை பிந்திவிட்டது. பிந்திய வெள்ளாமை என்றால் என்னவென்று தெரியுமா? மற்ற வயல்கள் அறுத்து முடிந்ததும் வட்டையிலுள்ள எலியும் குருவியும் மூட்டுப்பூச்சியும் மிஞ்சி நிற்கிற அந்த ஒரு வயலைத் தேடித்தான் வரும். கடைசித் தண்ணீரும் கிடைக்கவில்லை. தோடு இன்னும் அடகில்தான்.

முளைக்காத வயலைக் கண்டதும் விற்றவனைத் திட்டுவதற்கு முன் மண்ணைக் கிளறிப் பாருங்கள். காரணம் நெல்லிலேயே எழுதியிருக்கும். நசுக்கினால் வெள்ளைக் கூழாக வருகிறதா? அது அழுகிய நெல். செத்த விதையாக இருக்கலாம், தண்ணீர் தேங்கி மூச்சு முட்டியதாகவும் இருக்கலாம். நீருக்குள் கிடக்கும் நெல் சில வேளை குருத்தை மட்டும் மேலே நீட்டும், வேர் விடாது. பிறகு மிதந்து போகும். ஊறியும் கெட்டியாகவே கிடக்கிறதா? அது உறங்குகிற விதை. முளை எட்டிப் பார்த்துக் கருகியிருக்கிறதா? புழுதி விதைப்பில் ஒரு தூறலை நம்பியதால் வந்தது. முதல் மழை முளைக்க வைத்தது, அடுத்த மழை வரவில்லை. வெறும் உமி மட்டுமா? எலியும் எறும்பும் தின்றுவிட்டன.

இன்னொன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அக்கரைப்பற்று – பொத்துவில் வீதியில் தாரின் மேல் நெல் காயப் போடுகிறோமே, அது சோற்றுக்குச் சரி. விதைக்கு வேண்டாம்! நண்பகல் வெயிலில் தார் 60 பாகை செல்சியஸையும் தாண்டும். உள்ளே இருக்கும் முளை வெந்துபோகும். வெளியே உமி பொன்னாக மின்னும், பார்க்கிற நமக்கு ஒன்றும் தெரியாது. அறுவடை மெசினில் வேகமாக அடிபட்ட நெல்லும் அப்படித்தான், உள்ளே கீறல் விழுந்திருக்கும்.

ஆபத்தின் அடையாளங்களை மனதில் வையுங்கள். மூடையில் இரட்டைத் தையல் துளை. இனமும் சோதித்த திகதியும் தெரியாத அட்டை. மூக்கருகே கொண்டுபோனால் புழுங்கல் வாடை. கடித்தால் டக்கென்று உடையாமல் நசுங்கும் நெல். ஊரெல்லாம் ஒரு விலை, இவரிடம் மட்டும் குறைந்த விலை. "இப்பதான் அறுத்த புது நெல்" என்று பெருமையாகச் சொன்னால் இன்னும் உஷார்! சிறுபோகத்தில் அறுத்த சில இனங்கள் சில கிழமை உறங்கும், உடனே போட்டால் எழும்பாது. மாசியில் அறுத்து ஈரத்தோடு கட்டி வைத்த நெல்லோ ஐப்பசிக்குள் உயிரை விட்டிருக்கும்.

சோதிப்பதற்குச் செலவே இல்லை. மூடையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் கலந்து, நூறு நெல் எண்ணுங்கள். ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். துணி காயவே கூடாது. ஏழாம் நாள் வேரும் குருத்தும் நன்றாக வந்ததை மட்டும் எண்ணுங்கள். சான்றுபடுத்திய விதைநெல்லுக்கு 85 வீதம் முளைதிறன் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் விதையைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்கலாம். பாதிதான் முளைத்ததா? அந்த மூடையை வயலுக்குக் கொண்டு போகாதீர்கள். எவ்வளவு காசு கொடுத்திருந்தாலும் வேண்டாம்!

பற்றுச்சீட்டையும் அட்டையையும் எறியாதீர்கள், ஒரு பிடி நெல்லையும் எடுத்து வையுங்கள். அவை இல்லாமல் முறையிடப் போனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். சந்தேகம் என்றால் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.

விதைப்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போதே செய்யுங்கள். முளைக்காவிட்டால் வேறு விதை தேட நாள் வேண்டும். இன்றைக்கு இரவே அந்த நூறு நெல்லை எண்ணிவிடுங்கள், பிள்ளைகளே.