அறிவொளி சைக்கிளும் என் வயிறும்

1991-ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் புதுக்கோட்டை மாவட்டப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு உறுதியாகத் துணை நின்றார். நானும் அந்த வருடம்தான் வாடகைச் சைக்கிளில் பழகினேன். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, அம்மா பின்னால் பிடித்தபடி ஓடிவர.

அப்படிச் சைக்கிள் மிதித்த உடம்புதான். ஆனால் இரண்டு பிள்ளைகளுக்குப் பின் வயிறு மட்டும் உள்ளே போகவில்லை. ஒரு ஜிம்மில் சிட்-அப் போடச் சொன்னார்கள். முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா என்னை மல்லாந்து படுத்துத் தலையை லேசாகத் தூக்கச் சொல்லி, தொப்புளருகே விரல் வைத்துப் பார்த்தார். நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி. கர்ப்பத்தில் வயிற்றின் நேர்த்தசைகள் விலகுவது சகஜம். சிலருக்கு அவை தாமாகச் சேர்வதில்லை. முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சை மெதுவாக விட்டபடி தொப்புளை முதுகுத்தண்டுப் பக்கம் இழுக்க வேண்டும். அதுதான் என் முதல் பயிற்சி. பார்க்கச் சின்னது, ஆனால் வயிற்றின் ஆழ்தசையை எழுப்புவது அதுதான்.

தசை இடைவெளி ஒன்று, கொழுப்பு வேறு. யோகாவோ ஸும்பாவோ, எந்த வகுப்பும் வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியே கரைக்காது. வாரம் 150 நிமிடம் வேக நடையோ சைக்கிளோ, 2 நாள் தசைப் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தோழிகளே, வகுப்புக்குப் பணம் கட்டுமுன் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.