பலாச்சுளையும் ஐந்து நிமிடக் கணக்கும்

ஒரு பலாப்பழத்தை அறுக்காமலே, உள்ளே எத்தனை சுளைகள் உள்ளன என்று சொல்ல முடியுமா? முடியும் என்கிறது ‘கணக்கதிகாரம்’ என்னும் பழந்தமிழ்க் கணித நூல். காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ண வேண்டும். அதை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்பது காரி நாயனார் அதில் கூறும் விதி.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை பலாவுக்குப் பெயர் பெற்றது. அம்மலையின் தொடக்கப்பள்ளி ஒன்றில், பாடம் தொடங்குமுன் ஆசிரியர் கரும்பலகையில் இப்படி எழுதுவதாகக் கொள்வோம்: “காம்பைச் சுற்றி 50 முட்கள். சுளைகள் எத்தனை?”

ஒரு சிறுமி 50-ஐ 6-ஆல் பெருக்கி, 300-ஐ 5-ஆல் வகுக்கிறாள். அடுத்த பையன் முதலில் வகுத்து 10 என்று கண்டு, பிறகு 6-ஆல் பெருக்குகிறான். மூன்றாவது குழந்தை, “ஐம்பதோடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் போதுமே!” என்கிறது. மூவருக்கும் விடை 60. ஏன் மூன்று வழிகளும் ஒன்றாக முடிந்தன? இதை விவாதிக்க ஐந்து நிமிடம் போதும்.

மறுநாள் முட்கள் 43. விடை 51.6. பழத்துக்குள் 0.6 சுளை இருக்குமா? விடையைப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இங்கே பிறக்கிறது. ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளியிட்ட நூலில், கணக்கைப் புரிந்துகொள்ளுதல், வழி வகுத்தல், செய்து முடித்தல், திரும்பிப் பார்த்தல் என நான்கு படிகளைக் கூறினார். நம்மில் பலர் தாண்டிச் செல்வது நான்காவது படியைத்தான்.

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் நாள்தோறும் எண்சுவடியை முறை வைத்து ஒப்பித்தார்கள். அந்த வேகம் இன்றும் தேவை. ஆயினும், ஏழெட்டு ஐம்பத்தாறு என்று அறிந்த குழந்தைக்கு, எந்த இடத்தில் பெருக்குவது, எந்த இடத்தில் வகுப்பது என்பதும் தெரிய வேண்டுமல்லவா? அதற்குத்தான் அன்றாடம் ஒரு புதுக் கணக்கு.

ஏன் அன்றாடம்? ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே மூச்சில் படிப்பதைவிட, பல நாட்களில் பிரித்துப் படிப்பதே நினைவில் நிற்கிறது என்று அவர் கண்டார்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, சிறுவர்கள் பலர் கூட்டல், கழித்தலிலேயே பின்தங்கினர். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் அடிப்படைக் கணக்கை அறிய வேண்டும் என்று தமிழக அரசு 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் தம்பி தங்கைகளுக்கு நாள்தோறும் ஒரு கணக்குக் கொடுங்கள். ஒரு நிமிடம் அமைதியாகச் சிந்திக்க விடுங்கள். விடையை உடனே சரி, தவறு என்று சொல்லிவிடாமல், “எப்படிக் கண்டாய்?” என்று கேளுங்கள். அந்த ஒரு நிமிடம் இல்லாவிட்டால், வேகமாகக் கை தூக்கும் பிள்ளையே எப்போதும் விடை சொல்லும். மெதுவாகச் சிந்திக்கும் பிள்ளையோ, கணக்கு தனக்கு வராது என்று முடிவு கட்டிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு: காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்து 28 வளைவுகளைக் கடந்துவிட்டது. மொத்த வளைவுகளில் இது எத்தனை பங்கு?

இனி உங்களுக்கு ஒரு சோதனை. பலாப்பழம் ஒரே பூவில் உருவாவதன்று. பல பூக்கள் சேர்ந்து உருவாகும் கூட்டுக்கனி. தோலின் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் அடையாளம். கருவுற்ற பூ சுளையாகிறது, கருவுறாதது சக்கையாகிறது. எல்லாப் பழங்களிலும் ஒரே விகிதத்தில் பூக்கள் கருவுறுமா? அப்படியானால் காரி நாயனார் விதி எவ்வளவு தூரம் பொருந்தும்? பலாப் பருவத்தில் பத்துப் பழங்களை எடுத்து, முட்கள், விதி தரும் விடை, உண்மையில் எண்ணிய சுளைகள் என மூன்று பத்திகளில் அட்டவணை எழுதுங்கள். எண்ணும் வேலையைத் தம்பி தங்கைகளிடம் விட்டுவிடலாம். எண்ணி முடித்த சுளைகள் அவர்களுக்கே!