பெரியப்பாவின் பிள்ளையார் படம்

"நான் என்னத்தல மறைக்கப் போறேன்? காலைல ஒரு பிள்ளையார் படம், ராத்திரி ஒரு குட்நைட். எவன் பார்த்தா எனக்கென்ன?"

சிக்னல் ஆப்புக்கு வாங்க என்று கூப்பிட்டால் திருநெல்வேலியிலிருந்து எங்கள் பெரியப்பா சொல்லும் பதில் இது. கேள்வி நியாயமானது. இதற்கு ஒழுங்கான பதில் இல்லாமல் யாரையும் ஆப் மாற்றச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

முதலில், பொய் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது. "நீங்க எழுதுறதையெல்லாம் வாட்ஸ்அப்காரன் படிக்கிறான்" என்பது தப்பு. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகளும் அனுப்புபவர், பெறுபவர் போன்களில் மட்டுமே திறக்கும்படி பூட்டித்தான் போகின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூட்டை வடிவமைத்தவர்களே சிக்னல்காரர்கள்தான்.

பிறகு எதற்கு மாற வேண்டும்? நம் வீட்டுக்குள் பேசுவது எதிர்வீட்டுத் திண்ணைக்குக் கேட்காது. ஆனால் யார் எத்தனை மணிக்கு வந்து போனார் என்று தெரியும். வாட்ஸ்அப் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. 2014-இல் அதை 19 பில்லியன் டாலர் பேசி வாங்கிய மெட்டா நிறுவனம் விளம்பரத்தில் பிழைப்பது. 2021-இல் வந்த புதிய நிபந்தனைகளை 'ஒப்புக்கொள், இல்லாவிட்டால் போ' என்று பயனர்கள் தலையில் கட்டியதற்காக, 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மெட்டா மேல்முறையீட்டுக்குப் போனது.

சிக்னலை நடத்துவது லாப நோக்கமில்லாத அறக்கட்டளை. விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. 2016-இல் அமெரிக்க நீதிமன்றச் சம்மனோடு ஒரு கணக்கின் விவரங்களைக் கேட்டார்கள். கணக்கு தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள், இவ்வளவுதான் சிக்னலால் கொடுக்க முடிந்தது. மற்றதைச் சேர்த்தே வைக்கவில்லை.

"அப்போ டெலிகிராம்?" என்பார்கள். அதில் 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் தொடங்கினால்தான் அந்தப் பூட்டு. குரூப் செய்திகளுக்குக் கிடையவே கிடையாது. 2025-இல் சோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' ஆப்பை ஊரே இறக்கிக்கொண்ட சமயத்தில், அதில் அழைப்புகளுக்குப் பூட்டு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. நம்ம ஊர் ஆப் என்ற பாசம் வேறு, பூட்டு வேறு.

இவ்வளவையும் பெரியப்பாவிடம் விளக்கினேன். கொட்டாவி விட்டார். அவரை மாற்றியது அண்ணன். பேத்தி படமெல்லாம் இனி சிக்னல் குரூப்பில்தான் வரும் என்று ஒரு வார்த்தை சொன்னான், அவ்வளவுதான். "அந்த நீலக் கலரை எப்படில ஏத்தணும்?" என்று அன்று ராத்திரியே போன். ஆட்கள் கொள்கைக்காக இடம் மாறுவதில்லை. வேண்டியவர்கள் அங்கே இருந்தால் வருகிறார்கள். அதனால் நூறு பேர் குரூப்பை விட்டுவிட்டு, தினமும் பேசும் நாலைந்து பேரை மட்டும் பிடியுங்கள்.

லிங்க் அனுப்பினால் யாரும் போட மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போட்டு, பின் (PIN) நம்பரைக் காலண்டருக்குப் பின்னால் இல்லாமல் வேறெங்காவது எழுதிவைத்துக் கொடுங்கள். சிக்னலின் குறையையும் மறைக்காதீர்கள்: போன் தொலைந்தால், முன்பே பேக்கப் போடாதவருக்குப் பழைய படங்கள் திரும்பாது. வாட்ஸ்அப்பை அழிக்கச் சொல்லவும் வேண்டாம். பள்ளிக்கூட குரூப்பும் பால்காரரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

என்ன சொன்னாலும் மாற மாட்டேன் என்பவரிடம் சண்டை பிடிக்காதீர்கள்; அவர் வாட்ஸ்அப்பையே கொஞ்சம் பத்திரமாக்கிக் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்திக்குத்தான் பூட்டு. கூகுள் டிரைவுக்குப் போகும் அதன் பேக்கப்புக்கு நாமே போட்டால்தான் உண்டு. பெரியம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஆதார் நகலும் அதில் கிடக்கும். செட்டிங்ஸில் சாட் பேக்கப்புக்குப் போய் 'எண்ட் டு எண்ட் என்கிரிப்டட்' என்பதை ஆன் செய்து கொடுங்கள். அதற்கு வைக்கும் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது.